வானூர்தி ஒளிப்படக்கலை

வானூர்தி ஒளிப்படக்கலை என்பது வானூர்தி நிலையங்களின் சுற்றுப்புறத்திலும் வான் சாகசக் காட்சிகளிலும் வானூர்திகளைப் படம் பிடிக்கும் கலையையும், அதனைப் பொழுதுபோக்காகக் கொள்வதையும் குறிக்கும். வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் வான்வழி ஒளிப்படக்கலையிலிருந்து இது வேறுபட்டது. இங்கு ஒளிப்படக்கருவி பெரும்பாலும் தரையில் இருக்கின்றது. படமாகும் பொருளே வானில் இருக்கின்றது.

வானூர்தி நோக்குதல் என்னும் பொழுதுபோக்கிலிருந்து இக்கலை கிளைத்தது. பறவை நோக்குவோர் தாம் கண்ட பறவையின் இனத்தைக் குறித்துக்கொள்வது போல, வானூர்தி நோக்குவோர் ஒவ்வொரு வானூர்தியின் பதிவெண்ணையும் குறித்துக்கொள்கின்றனர். குறிப்பேட்டின் இடத்தை ஒளிப்படக்கருவி எடுத்துக்கொண்டபோது இது தனிக் கலையாக வளர்ந்தது. இவ்விரு பொழுதுபோக்குகளுக்கும் இடையே உள்ள எல்லை இன்றும் தெளிவற்றதே. ஒரே மனிதர் இரண்டையும் செய்வது வழக்கம்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் பகை வானூர்தியையும் நட்பு வானூர்தியையும் நிழலுருவைக் கொண்டே வேறுபடுத்தி அறியும் பயிற்சி பொதுமக்களுக்கும் தொண்டர்களுக்கும் அளிக்கப்பட்டது. இதற்கெனவே 1941 ஆம் ஆண்டில் ‘தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்’ என்ற இதழ் தொடங்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அப்பழக்கம் மறையவில்லை. பயணிகள் வானூர்திப் போக்குவரத்துப் பெருகியபோது, போர்க்காலத்தில் கற்ற திறன் அமைதிக்காலப் பொழுதுபோக்காக மாறியது.

வண்ணப் படச்சுருள்களின் காலத்தில் இக்கலையின் இலக்கணம் உருவானது. கோடாக்குரோம் 64 என்ற படிமச்சுருள் இத்துறையினரால் பெரிதும் விரும்பப்பட்டது. வண்ணம் மங்காமல் நெடுங்காலம் நிலைக்கும் என்பதே காரணம். ஆனால் அதன் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. நல்ல வெயிலில் எஃப்/5.6 துளையளவில் நொடியில் 500 இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமே அதில் கிடைக்கும். மேகம் மறைத்தால் அதுவும் கிடைக்காது. எனவே சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, வானூர்தியின் பக்கவாட்டு முழுவதும் வெயில் படும்படி எடுப்பது என்ற விதி தோன்றியது. அழகுணர்ச்சி என்று இன்று கருதப்படும் இவ்விதி, உண்மையில் படச்சுருளின் வேதியியல் விதித்த கட்டுப்பாடு ஆகும். ஒரு சுருளில் 36 படங்கள் மட்டுமே இருந்தமையால், ஒரு வானூர்திக்கு ஓரிரு படங்களே எடுக்கப்பட்டன. தம் ஊரில் எடுத்த படிமங்களை அஞ்சலில் அனுப்பி, பிற நாட்டு ஆர்வலர்களிடமிருந்து அவர்கள் ஊர்ப் படிமங்களைப் பெறும் பண்டமாற்றும் நடைபெற்றது. கோடாக்குரோம் சுருளின் உற்பத்தி 2009 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே ஆர்வலர்களில் பெரும்பாலோர் எண்ணிமக் கருவிகளுக்கு மாறியிருந்தனர்.

பதிவெண்ணும் ஆவண மதிப்பும்

ஒவ்வொரு குடிசார் வானூர்திக்கும் உடற்பகுதியில் எழுதப்பட்ட பதிவெண் உண்டு. இந்திய வானூர்திகளின் பதிவெண் ‘விடி’ என்றும், இலங்கையினது ‘4ஆர்’ என்றும், சிங்கப்பூரினது ‘9வி’ என்றும், மலேசியாவினது ‘9எம்’ என்றும் தொடங்கும். ஒரே மாதிரியான இரண்டு வானூர்திகளை ஆர்வலர்கள் ஒன்றாகக் கருதுவதில்லை. பதிவெண் வேறாயின் அது வேறு வானூர்தி. அதன் பிறப்பும் வாழ்வும் வேறு. ஒரு நிறுவனத்தில் பறந்த வானூர்தி சில ஆண்டுகளில் வேறு நாட்டிற்கு விற்கப்பட்டு, வேறு வண்ணத்தில், வேறு பதிவெண்ணுடன் பறப்பது இயல்பு. அப்பயணத்தைப் படங்களின் வழியே தொடர்வது இப்பொழுதுபோக்கின் பெரும் ஈர்ப்பு ஆகும்.

நிறுவனங்கள் மறைந்த பின்னர் இப்படங்களின் மதிப்புக் கூடுகின்றது. தமிழ்நாட்டைத் தளமாகக் கொண்டு 2005 ஆம் ஆண்டு முதல் எம்பிரேயர் வானூர்திகளை இயக்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010 ஆம் ஆண்டில் பறப்பதை நிறுத்தியது. கிங்பிஷர் 2012 இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் நின்றுபோயின. அந்நிறுவனங்களின் வண்ணம் பூசிய வானூர்திகளை இனி எவரும் புதிதாகப் படமெடுக்க இயலாது. போயிங் 747 வகையின் கடைசி வானூர்தி 2023 சனவரியில் ஒப்படைக்கப்பட்டது. ஏர்பஸ் ஏ380 உற்பத்தி 2021 இல் முடிவுற்றது. நான்கு பொறி வானூர்திகள் அருகிவருவதால் அவற்றைத் தேடிச் சென்று படமெடுப்போர் பலர்.

ஒளிப்பட நுட்பங்கள்

குவியத் தூரம்

எத்தகைய வில்லை தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஏர்பஸ் ஏ320 வானூர்தியின் நீளம் 37.57 மீட்டர். அது 300 மீட்டர் தொலைவில் குறுக்காகக் கடந்து செல்கின்றது என்றும், கருவியின் உணரி 23.5 மில்லிமீட்டர் அகலம் கொண்டது என்றும் கொள்வோம். படத்தின் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கை வானூர்தி நிரப்ப வேண்டுமாயின், உணரியில் அதன் பிம்பம் 18.8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். 18.8 ஐ 300 ஆல் பெருக்கி 37.57 ஆல் வகுத்தால் 150 கிடைக்கும். அதாவது 150 மில்லிமீட்டர் வில்லையே போதுமானது. பயணிகள் வானூர்திகளைப் படமெடுக்க மிக விலையுயர்ந்த வில்லைகள் தேவை என்ற எண்ணம் தவறானது.

போர் வானூர்திகளுக்கு இக்கணக்கு மாறும். தேஜஸ் வானூர்தியின் நீளம் 13.2 மீட்டரே. சாகசக் காட்சியில் 500 மீட்டர் தொலைவில் பறக்கும் அதனை அதே அளவில் படம் பிடிக்க 700 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட வில்லை வேண்டும். படத்தின் பாதி அகலம் போதும் என்று நிறைவடைந்தால் 450 மில்லிமீட்டர் அளவில் முடித்துக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகமும் பின்தொடர்தலும்

தரையிறங்கும் பயணிகள் வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 70 மீட்டர் அளவில் செல்கின்றது. நொடியில் 1000 இல் ஒரு பங்கு நேரம் மட்டும் ஷட்டர் திறந்திருந்தாலும் அதற்குள் அது 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 6000 படப்புள்ளி அகலமுள்ள படத்தில் வானூர்தி 4500 புள்ளிகளை நிரப்பினால், அந்த 7 சென்டிமீட்டர் 8 புள்ளிகளாகப் பதியும். பதிவெண்ணின் எழுத்துகள் மங்குவதற்கு இது போதும். எனவே வேகத்தைக் கூட்டுவதைக் காட்டிலும், வானூர்தியுடன் கருவியையும் சீராகத் திருப்புவதே சிறந்த வழி. பேனிங் எனப்படும் இம்முறையில், காலை ஊன்றி இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, வானூர்தி நெருங்குமுன்பே தொடரத் தொடங்கி, படமெடுத்த பின்னரும் சற்று நேரம் தொடர வேண்டும். ஷட்டரை அழுத்தியவுடன் கை நின்றுவிடுவதே தொடக்கநிலையினரின் படங்கள் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம்.

தாரை வானூர்திகளுக்கு நொடியில் 500 முதல் 1000 இல் ஒரு பங்கு, சாகசம் புரியும் போர் வானூர்திகளுக்கு அதனினும் விரைவு என்பது பொதுவான வழக்கு. சுழல்விசிறி வானூர்திகளில் நிலைமை நேர்மாறானது. வேகம் கூடினால் விசிறியின் அலகுகள் அசையாமல் நிற்பதுபோலப் பதிந்து, பொறி அணைந்த வானூர்தி வானில் தொங்குவதாகத் தோன்றும். ஏடிஆர் 72 வானூர்தியின் ஆறு அலகு விசிறி முழு வேகத்தில் நிமிடத்திற்கு 1200 முறை, அதாவது நொடிக்கு 20 முறை சுழல்கின்றது. அலகுகளுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகை. ஷட்டர் நொடியில் 120 இல் ஒரு பங்கு திறந்திருந்தால் ஒவ்வோர் அலகும் சரியாக 60 பாகை நகர்ந்து முழு வட்டமாகப் பதியும். 1000 இல் ஒரு பங்கில் நகர்வு 7 பாகைதான். நொடிக்கு ஏறத்தாழ 5 முறை மட்டுமே சுழலும் உலங்கு வானூர்தியின் பெரிய சுழலிக்கு இன்னும் மெதுவான ஷட்டர் தேவை. 60 இல் ஒரு பங்கில் எடுத்தாலும் நான்கு அலகுகளும் 30 பாகை அளவே நகர்ந்திருக்கும். நீண்ட வில்லையைக் கையில் ஏந்தி அவ்வளவு மெதுவாக எடுத்த பத்துப் படங்களில் ஒன்று தெளிவாக அமைந்தாலே நன்று.

ஒளியளவும் குவியமும்

ஒளிர்ந்த வானம் கருவியின் ஒளியளவியை ஏமாற்றும். வானத்தையே முதன்மைப் பொருளாகக் கருதிக் கருவி ஒளியைக் குறைத்துவிட, வானூர்தி கரிய உருவாகப் பதியும். இதனை ஈடுசெய்ய ஒளியளவைச் சற்றுக் கூட்டுவர். கார்மேகப் பின்னணியில் வெள்ளை வானூர்தி வரும்போது குறைக்க வேண்டும். தானியங்கிக் குவியம் ஒளிவேறுபாடுள்ள இடத்தையே தேடுவதால், வெறும் வெள்ளையான வயிற்றுப் பகுதியில் அது தடுமாறும். சாளர வரிசை, நிறுவனப் பெயர், பதிவெண் ஆகியவை ஏற்ற இலக்குகள்.

வெப்ப அலைவு

வெயிலில் சூடேறிய ஓடுபாதையின் மேலுள்ள காற்று அடுக்குகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருப்பதால் ஒளி சீரற்று விலகுகின்றது. தொலைவிலுள்ள வானூர்தியின் நேர்கோடுகள் நெளிந்து, நீருக்குள் இருந்து பார்ப்பது போலத் தோன்றும். விலையுயர்ந்த வில்லையோ, விரைவான ஷட்டரோ, கணினித் திருத்தமோ இதனை நீக்காது. தொலைவைக் குறைப்பதும், காலை முதல் ஒன்றரை மணி நேரத்தில் எடுப்பதும், மழை பெய்து ஓய்ந்த வேளைக்குக் காத்திருப்பதுமே தீர்வு. வெப்ப நாடுகளின் ஆர்வலர்கள் மழைக்காலத்தை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த காற்றில் இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறையும்போது நீராவி குளிர்ந்து வெண்படலமாகும். ஓடுபாதை ஈரமாக இருப்பின் சக்கரங்கள் எழுப்பும் நீர்த்தூவலும் சேர்ந்துகொள்ளும்.

சூரியனின் திசை

ஐரோப்பிய வழிகாட்டிகள் ஓடுபாதையின் தென்புறத்தில் நிற்குமாறு கூறுகின்றன. அங்கு நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே இருப்பதால் அது சரி. சென்னை 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின்னும் சூரியன் இங்கு நேர் உச்சியைக் கடக்கின்றது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே நிற்கின்றது. ஆகவே கிழக்கு-மேற்காக அமைந்த ஓடுபாதைக்கு மார்கழியில் தென்புறமும், ஆனியில் வடபுறமும் ஏற்றவை. ஆனால் உச்சிவெயிலில் இரண்டு புறமுமே பயன்படா. இறக்கையின் நிழல் உடற்பகுதியில் விழுந்து, அடிப்பகுதி இருண்டுவிடும்.

புகழ்பெற்ற இடங்கள்

ஹாங்காங்கின் பழைய காய் தக் வானூர்தி நிலையம் 1998 சூலையில் மூடப்பட்டது. அதன் 13 ஆம் ஓடுபாதைக்கு வரும் வானூர்திகள், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தீட்டப்பட்ட குன்றை நோக்கி வந்து, தாழ்ந்த உயரத்தில் வலப்புறம் திரும்பி, கவுலூன் நகரின் அடுக்குமாடிக் கூரைகளுக்கு மேலே இறங்கின. அக்கூரைகளில் நின்று எடுக்கப்பட்ட படங்கள் இக்கலையின் செவ்வியல் படைப்புகளாக மதிக்கப்படுகின்றன.

கரிபியத் தீவான சின்ட் மார்ட்டினில் மாகோ கடற்கரையை ஒட்டியே 2300 மீட்டர் ஓடுபாதை தொடங்குகின்றது. கேஎல்எம் நிறுவனத்தின் 747 வானூர்திகள் 2016 வரை அங்குக் குளிப்பவர்களின் தலைக்கு மேலே இறங்கின. மேலெழும் வானூர்தியின் தாரைக் காற்றில் வேலியைப் பிடித்து நிற்பது அங்கு விளையாட்டாகிவிட்டது. 2017 சூலையில் அக்காற்றால் வீசியெறியப்பட்ட பெண் ஒருவர் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகைகள் அதற்கு முன்பே அங்கு இருந்தன.

இலண்டன் ஹீத்ரோவில் மேற்குக் காற்று வீசும் நாட்களில் தரையிறங்கும் ஓடுபாதை பிற்பகல் 3 மணிக்கு மாற்றப்படுகின்றது. குடியிருப்பாளர்களுக்கு அரை நாள் அமைதி தருவதற்காக ஏற்பட்ட இவ்வொழுங்கை அறியாதவர், மிர்ட்டில் அவென்யூவின் புல்வெளியில் வெறும் வானத்தைப் பார்த்திருக்க நேரிடும். வேல்சு நாட்டின் மாக் லூப் பள்ளத்தாக்குகளில் போர் வானூர்திகள் தரையிலிருந்து 250 அடி உயரத்தில் பயிற்சி செய்கின்றன. மலைச்சரிவில் நிற்பவர்கள் அவற்றை மேலிருந்து கீழ்நோக்கிப் படமெடுக்கலாம். மான்செஸ்டர் நிலையத்தில் இதற்கென்றே மேடுகள் அமைக்கப்பட்ட பார்வையாளர் பூங்கா உள்ளது. சிங்கப்பூரில் சாங்கி கடற்கரைப் பூங்கா ஆர்வலர்கள் கூடும் இடம்.

வான் சாகசக் காட்சிகள்

பாரிசு காட்சி 1909 முதலும், பெங்களூரு எலகங்காவில் ஏரோ இந்தியா 1996 முதலும் நடைபெற்று வருகின்றன. சிங்கப்பூர் வான் காட்சி தற்போதைய பெயரில் 2008 முதல் நடைபெறுகின்றது. இந்திய வான்படையின் சூரிய கிரண் அணி 1996 இலும், உலங்கு வானூர்திகளைக் கொண்ட சாரங் அணி 2003 இலும் உருவாக்கப்பட்டன.

பார்வையாளருக்கும் வானூர்திக்கும் இடைப்பட்ட தொலைவு ஒளிப்படக்காரர்களுக்கு எப்போதும் குறை. அத்தொலைவுக்கான காரணங்கள் வருத்தத்திற்குரியவை. மேற்கு செருமனியின் ராம்சுடைனில் 1988 ஆகஸ்ட் 28 அன்று இத்தாலிய அணியின் மூன்று வானூர்திகள் மோதி, ஒன்று கூட்டத்தில் விழுந்ததில் 70 பேர் இறந்தனர். உக்ரைனின் லிவீவ் நகருக்கு அருகே 2002 சூலை 27 அன்று சு-27 வானூர்தி பார்வையாளரிடையே விழுந்து 77 பேர் மாண்டனர். இங்கிலாந்தின் ஷோரம் காட்சியில் 2015 ஆகஸ்ட் 22 அன்று விழுந்த ஹன்டர் வானூர்தியால் இறந்த 11 பேரும் நிலையத்திற்கு வெளியே சாலைப் பகுதியில் இருந்தவர்கள். பறப்புப் பாதைக்கு நேர் கீழே, கட்டணமின்றி நல்ல கோணம் கிடைக்கும் வெளியிடங்களைத் தேடுவோர் இந்நிகழ்வை மறத்தல் ஆகாது.

சென்னை மெரினா கடற்கரையில் 2024 அக்டோபர் 6 அன்று இந்திய வான்படையின் 92 ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் காட்சி நடைபெற்றது. காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, அதாவது சூரியன் ஏறத்தாழ உச்சியில் நின்ற வேளையில் அது நடந்தது. ஒளிப்படத்திற்கு இதனினும் பொருந்தா நேரம் இல்லை. மனித உடலுக்கும் அவ்வாறே. பல இலட்சம் மக்கள் நிழலற்ற மணலில் திரண்டனர். பலர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிரிழந்தனர். இத்தகைய காட்சிகளுக்குச் செல்வோர் கூடுதல் வில்லையைவிட நீரையும் தொப்பியையும் முதலில் எடுத்துவைக்க வேண்டும்.

சான்றாக அமைந்த படங்கள்

பாரிசிலிருந்து 2000 சூலை 25 அன்று புறப்பட்ட கான்கார்டு வானூர்தி தீப்பற்றி விழுந்து 113 பேர் இறந்தனர். இடது இறக்கையின் கீழ் தீ நீண்டு எரிய அது மேலெழும் காட்சியை, ஓடுபாதைக்கு அருகே நின்ற அங்கேரிய ஆர்வலர் ஒருவர் பதிவு செய்தார். அப்படம் உலகெங்கும் வெளியாயிற்று.

வேறு வகையான சான்று ஒன்று எசுப்பானியாவின் பால்மா தெ மயோர்க்கா நிலையத்தில் கிடைத்தது. 2004 சனவரியில் அங்கு நின்ற என்313பி என்ற பதிவெண் கொண்ட போயிங் 737 வானூர்தியை ஆர்வலர் ஒருவர் வழக்கம்போலப் படமெடுத்தார். அமெரிக்க நடுவண் உளவு முகமை, செருமானியக் குடிமகனான காலித் எல்-மசுரி என்பவரை மாக்கெடோனியாவிலிருந்து ஆப்கானித்தானுக்குக் கடத்திச் சென்றது அவ்வானூர்தியிலேயே என்பது பின்னர் வெளிப்பட்டது. வெவ்வேறு நாடுகளின் பொழுதுபோக்காளர்கள் எடுத்த படங்களும் குறிப்புகளும் இதழியலாளர்களுக்கு இத்தகைய பறப்புகளின் தடத்தைக் காட்டின. எல்-மசுரியின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2012 திசம்பரில் மாக்கெடோனியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பதிவெண்களைக் குறித்துக்கொள்வது பயனற்ற வேலை என்று நகைப்போருக்கு ஆர்வலர்கள் இதனையே விடையாகக் கூறுவர்.

சட்டச் சிக்கல்கள்

வேலியருகே கருவியுடன் நிற்பவர் ஆர்வலரா, உளவாளியா, தாக்குதலுக்கு வேவு பார்ப்பவரா என்பதைக் காவலர் பார்த்த மாத்திரத்தில் அறிய இயலாது. கிரேக்க நாட்டில் 2001 நவம்பரில் கலமாட்டா வான்படைத் தளத்திற்குச் சென்ற 12 பிரித்தானியரும் 2 நெதர்லாந்தினரும் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, ஐந்து வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தனர். 2002 ஏப்ரலில் எண்மருக்கு மூன்று ஆண்டும், மற்ற அறுவருக்கு ஓராண்டும் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அதே ஆண்டு நவம்பரில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். எண்களைச் சேகரிப்பதில் ஒருவருக்கு இன்பம் இருக்கக்கூடும் என்பதே கிரேக்க அதிகாரிகளுக்கு நம்பத்தகாததாக இருந்தது. அப்பொழுதுபோக்கு அங்கு அறிமுகமாகியிருக்கவில்லை.

இந்தியாவிலும் இது அரிதன்று. 2010 பிப்ரவரியில் தில்லி வானூர்தி நிலையத்தின் அருகே விடுதியில் தங்கிய இரு பிரித்தானிய ஆர்வலர்கள், வானொலி அலைவாங்கி கொண்டு வானூர்திகளைக் கண்காணித்தமைக்காகக் கைது செய்யப்பட்டு, ஏப்ரலில் தண்டம் செலுத்திய பின்னரே நாடு திரும்பினர். மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்டில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு, கட்டுநாயக்காவில் 2001 சூலையில் நிகழ்ந்த தாக்குதல் போன்றவற்றை நோக்கினால், இப்பகுதியின் காவலர்களிடம் காணப்படும் ஐயம் புரிந்துகொள்ளத் தக்கதே.

1937 ஆம் ஆண்டின் இந்திய வானூர்தி விதிகளில் 13 ஆவது விதி, அரசு வானூர்தி நிலையத்திலும் பறக்கும் வானூர்தியிலிருந்தும் எழுத்துமூல அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடை செய்தது. கைப்பேசி பரவிய பின்னர் அவ்விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவது எவராலும் இயலாததாயிற்று. பயணிகள் தம் பயணத்தின்போது படமெடுக்கலாம் என்று குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2020 செப்டம்பரில் விளக்கியது. 2025 மே மாதத்தில், மேற்கு எல்லையை அண்டிய பாதுகாப்புத் துறை நிலையங்களில் மேலெழும்போதும் இறங்கும்போதும் 10,000 அடி உயரம் வரை சாளரத் திரைகளை மூடிவைக்க வேண்டும் என்று அதே இயக்குநரகம் ஆணையிட்டது.

வேலிக்கு வெளியே, பொதுச் சாலையில் நின்று எடுப்பது குறித்து 13 ஆவது விதி நேரடியாக எதுவும் கூறவில்லை. ஆனால் 1923 ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம், நாட்டின் பாதுகாப்பிற்குக் கேடான நோக்கத்துடன் தடைசெய்யப்பட்ட இடத்தின் அண்மையில் இருப்பதையே குற்றமாக்குகின்றது. தாம்பரம், அரக்கோணம், சூலூர் போன்ற படைத்தளங்களின் அருகே கருவியை வெளியே எடுக்காமல் இருப்பதே அறிவுடைமை. குடிசார் நிலையங்களின் அருகேயும் அடையாள அட்டையை வைத்திருத்தல், காவலர் கேட்டால் எடுத்த படங்களைக் காட்டுதல், போகச் சொன்னால் வாதிடாமல் போய்விடுதல் ஆகியவை ஆர்வலரிடையே வழங்கும் நடைமுறைகள். வானொலி அலைவாங்கியை இந்திய ஆர்வலர்கள் பொதுவாகத் தவிர்த்து, கைப்பேசியில் கிடைக்கும் வானூர்தித் தடங்காட்டிச் செயலிகளையே பயன்படுத்துகின்றனர்.